வளிமண்டல அறிவியலில் முதுநிலைப் பட்டம்: என்ன கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள்

வளிமண்டல அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற என்னென்ன வேண்டும் என்பதைப் பெரும்பாலான துறைகள் ஒரே பக்கத்தில் சொல்லிவிடுகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பக்கம் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். சுமார் 30 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) முடிக்க வேண்டும். அதில் ஒரு பகுதி ஆய்வேட்டுக்கு. சராசரி மதிப்பெண் 4-க்கு 3 என்ற அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. குறைந்தது மூன்று பேராசிரியர்கள் கொண்ட ஆய்வுக் குழு அமைய வேண்டும். கடைசியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். சாதாரணமாக இரண்டு வருடம் ஆகும்.

படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தை மட்டும் நம்பி விண்ணப்பிக்கிறவர்கள் எதில் கவனம் வைக்க வேண்டுமோ அதை விட்டுவிடுகிறார்கள். கிரெடிட் கணக்கு பெரும்பாலும் தானாக நிறைந்துவிடும். பட்டம் நல்லபடியாக முடிவதும் இழுபறியாவதும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, உள்ளே வரும்போது கையில் இருக்கும் கணிதம். இன்னொன்று, எந்தக் கேள்வியை, யாரிடம் சேர்ந்து ஆராயப் போகிறோம் என்பது.

கணிதம்தான் வாசல்

இந்தத் துறைக்கு வர இளநிலையில் வானிலையியல் படித்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இயற்பியல், கணிதம், வேதியியல், பொறியியல் படித்தவர்களைத் துறைகள் விரும்பியே எடுத்துக்கொள்கின்றன. கேட்பதெல்லாம் இவைதான்: பல மாறிகள் வரையிலான நுண்கணிதம், வெக்டர், வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், நுண்கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட இரண்டு பருவ இயற்பியல், கொஞ்சம் வேதியியல், ஏதாவது ஒரு நிரல்மொழி.

ஏன் இவ்வளவு கணிதம்? 1904-இல் நார்வே நாட்டு அறிவியலாளர் வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் ஒரு கருத்தை முன்வைத்தார். வளிமண்டலத்தின் இன்றைய நிலையைப் போதிய துல்லியத்தோடு அறிந்து, அது எந்த விதிகளின்படி மாறுகிறது என்பதையும் அறிந்தால், நாளைய நிலையைக் கணக்கிட்டுவிடலாம் என்பதே அது. அந்த விதிகள் அதிகமில்லை. நியூட்டனின் இயக்க விதியைச் சுழலும் பூமியின் மேல் இருக்கும் காற்றுக்கு எழுதுவது, நிறை அழியாமை, ஆற்றல் அழியாமை, வாயு விதி, ஈரப்பதத்தின் கணக்கு. இவ்வளவுதான். ஆனால் எல்லாமே பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளாக வருகின்றன. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டும் இருக்கின்றன.

ஓர் ஊரில் வெப்பமானி ஒரு மணி நேரத்தில் 2 டிகிரி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்த காற்றே குளிர்ந்திருக்கலாம். அல்லது அந்தக் காற்று நகர்ந்துபோய், வேறு இடத்திலிருந்து குளிர்ந்த காற்று வந்து சேர்ந்திருக்கலாம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும். இந்த இரண்டையும் பிரித்து எழுதுவதுதான் இயக்கவியல் வகுப்பின் முதல் வேலை. பகுதி வகைக்கெழு கைப்பழக்கமாக இருப்பவருக்கு இது ஒரே வரி. இல்லாதவருக்கு அந்த வரியிலேயே ஒரு வாரம் போய்விடும். அதற்குள் வகுப்பு சுழிப்புத்தன்மைக்கு, அதாவது காற்றின் சுழற்சியை அளப்பதற்கு, போயிருக்கும்.

கணிதத்தில் குறை இருந்தால் துறைகள் உடனே மறுத்துவிடுவதில்லை. இளநிலைப் பாடங்கள் சிலவற்றை முதலில் முடிக்கச் சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பாடங்கள் பொதுவாகப் பட்டத்துக்கான கிரெடிட்டில் சேராது என்பதை மறக்க வேண்டாம். ஒரு பருவம் கூடுதலாக ஆகலாம். என் கருத்தில், சேர்வதற்கு முந்தைய சில மாதங்களில் வேறு எதையும் விட வெக்டர் நுண்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் பயனுள்ள தயாரிப்பு. மேகங்களைப் பற்றிய ஆர்வம் ஏற்கெனவே இருக்கும். அது இல்லாமல் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை.

மற்ற சேர்க்கை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜிஆர்இ என்ற பொது நுழைவுத் தேர்வைப் பல துறைகள் அண்மை ஆண்டுகளில் கைவிட்டுவிட்டன. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு மொழித் தேர்வு உண்டு. மூன்று பரிந்துரைக் கடிதங்கள், ஒரு நோக்க அறிக்கை. இவற்றில் நோக்க அறிக்கைக்குத்தான் எடை அதிகம். அதற்கான காரணம் பணத்தோடு சம்பந்தப்பட்டது.

பணமும் நெறியாளரும்

ஆய்வேட்டுடன் கூடிய முதுநிலை மாணவர்களில் பலருக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆய்வு உதவியாளர் பணியோ கற்பித்தல் உதவியாளர் பணியோ கிடைக்கிறது. அது கிடைத்தால் கல்விக் கட்டணம் பெரும்பாலும் தள்ளுபடியாகும். மாதச் சம்பளமும் வரும். ஆய்வு உதவியாளருக்கான பணம் பேராசிரியர் ஏதாவது ஓர் அமைப்பிடமிருந்து பெற்ற ஆய்வு நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதி ஒரு குறிப்பிட்ட கேள்விக்காகக் கொடுக்கப்பட்டது. ஆகவே இந்த வழியில் சேர்கிறவரின் ஆய்வுத் தலைப்பு பாதியளவு முன்பே முடிவாகியிருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் விண்ணப்பிக்கும் முறையே மாறும். 'வளிமண்டலம் எனக்குச் சிறு வயதிலிருந்து பிடிக்கும்' என்று எழுதும் அறிக்கையால் ஒரு பேராசிரியர் எதையும் முடிவு செய்ய முடியாது. 'செயற்கைக்கோள் தரவில் வேலை செய்திருக்கிறேன், வெப்பச்சலன மழையின் நேரக்கணக்கு பற்றிப் படிக்க விரும்புகிறேன்' என்றால், தன் திட்டத்தில் இவருக்கு இடம் உண்டா என்று அவரால் யோசிக்க முடியும். விண்ணப்பிக்கும் முன்பே பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பது பல துறைகளில் வழக்கம்தான். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுடைய அண்மைக் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே முதுநிலை என்பது பாடத்திட்டத்தில் சேர்வது. நெறியாளர் பிறகு வருவார். ஐரோப்பிய நாடுகளின் பட்டங்களை ஒரே சீராக்கும் பொலோனியா ஏற்பாட்டின்படி இரண்டு வருட முதுநிலைக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆய்வேட்டுக்கு மட்டும் 30 கிரெடிட் ஒதுக்கும் இடங்களும் உண்டு. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகம் போல 60 ஒதுக்கி, ஒரு முழு வருடத்தை அதற்கே கொடுக்கும் இடங்களும் உண்டு. பிரிட்டனில் முதுநிலை ஒரே வருடம், 180 கிரெடிட். அதனால் அமெரிக்காவின் 30-ஐயும் ஐரோப்பாவின் 120-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது கடினம் என்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஆய்வுக்கு எத்தனை மாதம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த ஒப்பீடு பயன்படும்.

கட்டாயப் பாடங்கள்

எங்கே படித்தாலும் சில பாடங்களிலிருந்து தப்ப முடியாது. இயக்கவியல், வெப்ப இயக்கவியலும் மேக இயற்பியலும், கதிர்வீச்சு என்பவைதான் அவை. அமெரிக்காவின் பழைய வானிலைத் துறைகளை வார்த்த கை கார்ல்-குஸ்தாவ் ராஸ்பியுடையது. பெர்கனில் பியெர்க்னெஸின் குழுவில் பயின்றவர். 1928-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்து அங்கே வானிலைப் படிப்பைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் கழகம், சிகாகோ, நியூயார்க், கால்டெக், லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய ஐந்து இடங்களில் ஆயிரக்கணக்கான வானிலை அதிகாரிகளுக்கு அவசரப் பயிற்சி கொடுக்கப்பட்டது. இன்றைய பாடத்திட்டத்தில் அதன் அடித்தடம் தெரிகிறது.

இயக்கவியலை எடுத்துக்கொள்வோம். இந்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் சலித்துக்கொள்வது அளவு ஆய்வைப் பற்றித்தான். சமன்பாட்டின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு பெரியது என்று தோராயமாகக் கணக்கிட்டு, சிறியதை விட்டுவிடுவது. எல்லாவற்றையும் கணினியே கணக்கிடும்போது இது எதற்கு என்று தோன்றும். இதற்கான பதில் பிரிட்டிஷ் அறிவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனின் தோல்வியில் இருக்கிறது. அவர் 1910 மே 20-ஆம் தேதியின் வானிலையைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்து, முடிவை 1922-இல் வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று அவருடைய கணக்கு சொன்னது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. சமன்பாடுகள் சரிதான். ஆனால் தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று சமநிலையில் இல்லை. அந்தச் சிறு முரண்பாடு வேகமான ஈர்ப்பலைகளாக (மேலும் கீழும் தள்ளப்பட்ட காற்றைப் புவியீர்ப்பு திரும்ப இழுப்பதால் எழும் அலைகள்) கிளம்பி, மெதுவான வானிலை மாற்றத்தை மூழ்கடித்துவிட்டது.

அமெரிக்க வானிலையியலாளர் ஜூல் சார்னி இந்தச் சிக்கலைத் தீர்த்தது அளவு ஆய்வின் வழியாகத்தான். வேகமான அலைகள் எழவே முடியாதபடி சமன்பாடுகளை எளிமையாக்கினார். அந்த வழியில், 1950-இல் எனியாக் கணினியில் அவரும் ஜான் வான் நாய்மனும் சகாக்களும் முதல் கணினி முன்னறிவிப்பைச் செய்தார்கள். 24 மணி நேர முன்னறிவிப்புக்குக் கணக்கிடவே கிட்டத்தட்ட 24 மணி நேரம் பிடித்தது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தீர்மானிக்கத் தெரிவதுதான் இந்தப் பாடம் கொடுக்கும் திறமை. இன்றும் கணினி வானிலை மாதிரிகள் விசித்திரமான விடைகளைக் கொடுக்கும்போது, காரணத்தைத் தேட அதுவே கைகொடுக்கிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டாய இயக்கவியல் நடு அட்சங்களுக்காக வளர்ந்தது. அழுத்த வேறுபாடும் கொரியாலிஸ் விளைவும் (பூமி சுழல்வதால் காற்று பக்கவாட்டில் திரும்புவது) ஒன்றையொன்று சமன் செய்கின்றன என்ற அடித்தளம் 45 டிகிரி அட்சத்தில் நன்றாக வேலை செய்யும். பூமத்திய ரேகையில் கொரியாலிஸ் விளைவின் கிடைமட்டப் பகுதி பூஜ்யமாகிவிடும். அதற்கு அருகிலும் இந்தச் சமநிலையை நம்ப முடியாது. வெப்ப மண்டலத்து மழையையும் புயலையும் பற்றி ஆராய விரும்புகிறவர்கள் வெப்ப மண்டல வானிலையியலை விருப்பப் பாடமாகக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டத்துக்கு அது தேவை என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. ஆனால் அது இல்லாமல் அந்தப் பகுதியில் ஆராய்ச்சி செய்வது கஷ்டம்.

வெப்ப இயக்கவியலில் தொடங்கி மேகங்களுக்குப் போகும் பாடம், இருப்பதிலேயே மனதைக் கவரும் பாடம் என்று நினைக்கிறேன். நீராவி இல்லாத காற்று ஒரு கிலோமீட்டர் மேலே ஏறினால் 9.8 டிகிரி குளிரும். நீராவி குளிர்ந்து துளியாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிவருவதால் ஈரக் காற்று அதைவிடக் குறைவாகவே குளிரும். இந்த வித்தியாசத்திலிருந்துதான் இடிமேகம் பிறக்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால், காற்று கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7% கூடும். கனமழை பற்றிய இன்றைய விவாதங்கள் எல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் கிளம்புகின்றன. ஒரு மேகத்துளியின் ஆரம் ஏறத்தாழ 10 மைக்ரான், மழைத்துளியுடையது ஒரு மில்லிமீட்டர். அப்படியென்றால் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. அதுவும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிகிறது. எப்படி என்பதை விளக்கவே இந்தப் பாடத்தில் பாதிப் பருவம் ஆகும்.

கதிர்வீச்சுப் பாடம் ஓர் எளிய கணக்கில் தொடங்கும். சூரியனிலிருந்து வருவது சதுர மீட்டருக்கு சுமார் 1361 வாட். அதில் 30% திரும்பிப் போகிறது. மீதியைக் கோளம் முழுக்கப் பரப்பினால் பூமியின் வெப்பநிலை 255 கெல்வின் என்று வரும், அதாவது உறைபனியை விட 18 டிகிரி கீழே. உண்மையில் தரையின் சராசரி 288 கெல்வினுக்கு அருகில் இருக்கிறது. இந்த 33 டிகிரி வித்தியாசம் எந்த மூலக்கூறு, எந்த அலைநீளத்தில், எந்த உயரத்தில் செய்யும் வேலை என்பதைத்தான் அப்புறம் படிக்கிறார்கள். 1967-இல் சுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்டு இருவரும் இதே இயற்பியலை வெப்பச்சலனத்தோடு இணைத்து, கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். மனாபேவுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மற்றவை பெரும்பாலும் விருப்பப் பாடங்கள்: வளிமண்டல வேதியியல், எல்லை அடுக்கு (தரையை ஒட்டிய காற்று அடுக்கு), தொலையுணர்தல், எண்முறை மாதிரிகள், காலநிலை இயக்கவியல், வானிலை வரைபட ஆய்வு. இவற்றோடு வாரம் ஒரு கருத்தரங்கு. இதற்குக் கிரெடிட் ஒன்றுதான், ஆனால் துறையில் யார் என்ன செய்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியவரும்.

புள்ளியியல் பற்றி ஒரு வார்த்தை. பல துறைகளில் அது கட்டாயமில்லை. கட்டாயமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வளிமண்டலத் தரவில் நேற்றைய மதிப்பும் இன்றைய மதிப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களும் அப்படியே. ஆயிரம் நாள் தரவு இருக்கிறது என்றால் ஆயிரம் தனித்தனி சான்றுகள் இருப்பதாகப் பொருள் இல்லை. இதை மறந்து செய்யப்படும் சோதனைகளில் வெறும் தற்செயல்கூடப் பெரிய கண்டுபிடிப்பு போலத் தெரியும்.

ஆய்வேடு

நிரல் எழுதுவது தேவைகள் பட்டியலில் ஒரு வரியாகத்தான் வரும், வராமலும் போகும். ஆனால் அன்றாட வேலையில் பெரும்பகுதி அதுதான். ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வு (பழைய பதிவுகளையும் கணினி மாதிரியையும் இணைத்து மீட்டெடுத்த வானிலை வரலாறு) 1940 முதல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், ஏறத்தாழ 31 கிலோமீட்டர் இடைவெளியில், 137 அடுக்குகளில் உலகம் முழுவதற்கும் தரவு கொடுக்கிறது. இதை விரிதாளில் திறக்க முடியாது. பைத்தானும் லினக்ஸும் தெரிய வேண்டும். மாதிரிகளுக்குள் கை வைக்க வேண்டுமானால் ஃபோர்ட்ரான் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பழைய மொழி என்று ஒதுக்க முடியாது. பெரிய வானிலை மாதிரிகளில் பல இன்னும் அதில்தான் ஓடுகின்றன.

சரி, ஆய்வுக் கேள்வி எப்படி இருக்க வேண்டும்? இரண்டு வருடத்துக்குள், அதிலும் பாடங்கள் போக மீதி நேரத்தில், முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'காலநிலை மாற்றத்தால் மழை எப்படி மாறும்' என்பது ஒரு தலைமுறையின் வேலை. இதைப் பாருங்கள்: கோடையில் நிலப்பகுதிகளில் இடிமழை மாலையில் உச்சத்தை அடைவதாகப் பதிவுகள் காட்டுகின்றன. பல காலநிலை மாதிரிகளில் அது நண்பகலிலேயே உச்சத்துக்குப் போய்விடுகிறது. இது துறையில் நெடுங்காலமாகத் தெரிந்த குறை. குறிப்பிட்ட ஒரு மாதிரியில், குறிப்பிட்ட ஒரு பகுதியில், மேகம் தன்னைச் சுற்றியிருக்கும் வறண்ட காற்றை உள்ளிழுக்கும் விகிதத்தை மாற்றினால் உச்சம் எத்தனை மணி நேரம் தள்ளிப்போகிறது என்று கேட்டால், அது முதுநிலைக்குப் பொருத்தமான கேள்வி. அரை மணிக்கு ஒருமுறை வரும் செயற்கைக்கோள் மழைத் தரவோடு ஒப்பிடலாம். மாதிரியை நான்கைந்து விதமாக ஓட்டலாம். விடை 'தள்ளிப்போகவே இல்லை' என்று வந்தாலும் பரவாயில்லை. அதுவும் ஆய்வேடுதான்.

முனைவர் பட்டத்துக்கும் முதுநிலைக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரியும். முனைவர் பட்டத்துக்குப் புதிய பங்களிப்பு வேண்டும், பெரும்பாலும் பல கட்டுரைகளின் அளவுக்கு. முதுநிலையில் குழு பார்ப்பது இதைத்தான்: ஒரு கேள்வியைத் தெளிவாக வரையறுத்தாரா, சரியான தரவைத் தேர்ந்தாரா, முடிவு சான்றுக்கு மேல் தாண்டாமல் நிற்கிறதா? நல்ல முதுநிலை ஆய்வேடு ஒரு கட்டுரையாக வெளிவந்தால் சிறப்பு. பல இடங்களில் அது கட்டாயமில்லை.

நடைமுறை இப்படிப் போகும். முதல் வருடக் கடைசியில் ஆய்வுத் திட்டத்தை எழுதிக் குழுவிடம் கொடுக்க வேண்டும். இதைச் சடங்காக நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் இரண்டாம் வருடத்தில் திணறுகிறார்கள். 'இந்தத் தரவு பத்து வருடம்தான் இருக்கிறது, இந்தக் கேள்விக்குப் போதாது' என்று குழுவில் ஒருவர் முன்பே சொல்லிவிட்டால் ஆறு மாத வேலை மிச்சம். கடைசியில் வரும் வாய்மொழித் தேர்வின் முதல் பகுதி பொதுவில் நடக்கும் உரை. பிறகு குழு மட்டும் அமர்ந்து கேட்கும். கேள்விகள் ஆய்வேட்டோடு நிற்காது. பகல் முழுதும் வெயில் அடித்தால் எல்லை அடுக்கு எப்படி வளரும் என்று கரும்பலகையில் வரையச் சொல்வார்கள். நெறியாளர் அந்த நாளுக்கு முன்பே ஆய்வேட்டைப் பலமுறை படித்துத் திருத்தியிருப்பார் என்பதால், முற்றாகத் தோற்பது அரிது. திருத்தங்களோடு தேறுவதுதான் வழக்கம்.

ஆய்வேடு இல்லாத வழியும் உண்டு. அதில் ஆய்வேட்டுக்கான கிரெடிட்டுக்குப் பதில் கூடுதல் பாடங்கள், ஒரு சிறு திட்டக் கட்டுரை அல்லது விரிவான தேர்வு. ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்களுக்கும் காப்பீடு, ஆற்றல் போன்ற துறைகளில் வானிலைத் தரவைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். உதவித்தொகை கிடைப்பது அரிது. முனைவர் பட்டத்துக்குப் போகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் ஆய்வேட்டு வழியையே தேர்ந்தெடுப்பது நல்லது. தொடங்கிய பிறகு மாறலாம்தான், ஆனால் நெறியாளரும் நிதியும் கிடைக்க வேண்டும்.

பட்டம் இருந்தும் தகுதி இல்லாத நிலை

இது பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. வானிலை முன்னறிவிப்பாளர் வேலைக்கு முதுநிலைப் பட்டம் மட்டும் போதாமல் போகலாம். உலக வானிலை அமைப்பு, வானிலையியலாளர் என்று அழைக்கப்பட ஒருவர் என்னென்ன படித்திருக்க வேண்டும் என்று ஓர் அடிப்படைப் பாடத் தொகுப்பை வகுத்திருக்கிறது. இயற்பியல் வானிலையியல், இயக்கவியல், வரைபட ஆய்வும் நடுத்தர அளவு வானிலையும், காலநிலை என எல்லாப் பகுதிகளும் அதில் உண்டு. தேசிய வானிலைச் சேவைகள் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அதைத்தான் அளவுகோலாக வைக்கின்றன. அமெரிக்க அரசின் வானிலையியலாளர் பணிக்கான விதிகளும் பட்டத்தின் பெயரோடு நிற்பதில்லை, பாடங்களையும் எண்ணுகின்றன. நெடுங்காலமாக அங்கே கேட்பது வளிமண்டல அறிவியலில் 24 கிரெடிட். அதற்குள் இயக்கவியலிலும் வெப்ப இயக்கவியலிலும் ஆறு, வானிலை அமைப்புகளின் ஆய்விலும் முன்னறிவிப்பிலும் ஆறு.

இயற்பியல் படித்துவிட்டு நேரே முதுநிலைக்கு வந்து, ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்) வேதியியலில் ஆய்வு செய்து, விருப்பப் பாடங்களையெல்லாம் அதற்கேற்ப எடுத்த ஒருவர் முப்பது கிரெடிட்டோடு பட்டம் வாங்கிவிடுவார். வானிலை வரைபடத்தைப் படிக்கும் பாடம் ஒன்றுகூட அதில் இருந்திருக்காது. முன்னறிவிப்பு மையத்தில் விண்ணப்பம் போடும்போது அந்த ஆறு கிரெடிட் எங்கே என்று கேட்பார்கள். இதைத் தவிர்க்க முதல் பருவத்திலேயே, பாடத் தேர்வுப் படிவத்தை நிரப்பும் முன், போக விரும்பும் வேலையின் பாடத் தேவைகளையும் பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்து நெறியாளரிடம் பேசிவிட வேண்டும். வரைபட ஆய்வு வகுப்பு சில துறைகளில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அதை முதல் வருடத்தில் விட்டுவிட்டால், பட்டம் முடியும் வரை அந்த வகுப்பு மறுபடி வராமலே போகலாம்.